பிள்ளைகளை ரயிலேற்றிய மறுநாள்

பொங்கலுக்குத் தஞ்சாவூர் வீடு நிரம்பிவிடும். மகன் வீட்டில் நாலு பேர், மகள் வீட்டில் நாலு பேர், நாங்கள் இருவர். தெற்கு வீதிக்குப் பின்னால் உள்ள சந்தில், வருஷத்தில் பத்து மாதம் பூட்டிக் கிடக்கிற பழைய ஓட்டு வீடு அது. போகிக்கு முதல் நாள் பூட்டைத் திறந்தால், காணும் பொங்கல் முடிகிறவரை அடுப்பு அணையாது.

முன்பெல்லாம் பத்துப் பேரும் ஒரே நாளில், ஒரே ரயிலில் கிளம்புவோம். ஒரு வருஷம் ஸ்டேஷன் வாசலில் இறங்கிய பிறகுதான் "கேஸை மூடினியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் மூடியிருந்தேன். ஆனால் அவர் கேட்டதும் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மருமகன் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடி, சாவி என் கைப்பையில் இருக்கிறது என்று அங்கே போய்த்தான் கண்டுபிடித்தார்.

அதோடு வழக்கத்தை மாற்றிவிட்டோம். பிள்ளைகளை முதல் நாள் ரயிலேற்றிவிடுகிறோம். நாங்கள் மறுநாள் ராத்திரி கிளம்புகிறோம். நடுவில் கிடைக்கிற அந்த ஒரு பகல்தான் எங்கள் இருவருக்கும் லீவு. அதற்கு முந்தைய ஐந்து நாளும் சமையல். அந்த ஒரு நாளை வீட்டு வேலை விழுங்கிவிடாமல் இருக்க நாங்கள் பழகிக்கொண்ட குறிப்புகள் இவை.

1. டிக்கெட்டைத் தனியாக எடுங்கள். பத்துப் பேருக்கும் சேர்த்து எடுத்தால் கீழ் படுக்கை யாருக்கு விழும் என்று சொல்ல முடியாது. ரயில்வேயில் மூத்தவர்களுக்கென்று கீழ் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. 60 வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும் தனியாகவோ, இருவராகவோ பதிவு செய்தால் அதில் கேட்கலாம். கூட்டத்தோடு சேர்ந்தால் அந்தச் சலுகை போய்விடும். கட்டணச் சலுகையைத்தான் 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டார்கள்; இதுவாவது மிச்சம் இருக்கட்டும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கல் டிக்கெட்டுக்கு நவம்பர் நடுவிலேயே உட்கார வேண்டும்.

2. கனமான சாமான்களைப் பிள்ளைகளோடு அனுப்பிவிடுங்கள். ஸ்லீப்பரிலும் ஏசி மூன்றடுக்கிலும் ஆளுக்கு 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். பெரியவர்கள் நாலு பேர் என்றால் 160 கிலோ. தூக்க இளைஞர்களும் இருக்கிறார்கள். அரிசி மூட்டை, தேங்காய், பரங்கிக்காய் எல்லாம் அவர்கள் கணக்கு. எங்களுக்கு ஆளுக்கு ஒரு பை. என்னுடையது முதல் நாள் இரவே கட்டித் தயாராக இருக்கும். அவருடைய பை மறுநாள் மாலைவரை வாய் திறந்தபடியே கிடக்கும். அதை மாற்ற 41 வருஷமாக முயன்று விட்டுவிட்டேன்.

3. இருவருக்கான காபிக்குச் சின்ன ஃபில்டர் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கான பெரிய ஃபில்டரில் மூன்று ஸ்பூன் பொடி போட்டால், அது அடியில் மெல்லிய பரப்பாகத்தான் உட்காரும், தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், டிகாக்‌ஷன் வெளுத்துப்போகும். பொடி ஒரு விரல் உயரமாவது நிற்க வேண்டும். கொதித்த தண்ணீரை முதலில் இரண்டு ஸ்பூன் மட்டும் விட்டுப் பொடியை நனையவிட்டு, ஒரு நிமிஷம் கழித்து மீதியை ஊற்றுங்கள். மாதக்கணக்கில் சும்மா கிடந்த ஃபில்டரின் ஓட்டைகள் அடைத்திருக்கும். மேல் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்து அடுப்புத் தணலில் கவிழ்த்துக் காட்டி, ஆறியதும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தட்டினால் எல்லாம் உதிரும். பித்தளை டபரா-டம்ளர் வைத்திருப்பவர்கள் அன்றைக்காவது அதில் குடியுங்கள். பேரப்பிள்ளைகள் இருக்கும்போது எனக்கு எவர்சில்வர் டம்ளரில் ஆறிப்போன காபிதான் கிடைக்கும்.

4. காலைப் பலகாரம் என்று எதுவும் செய்யாதீர்கள். பொங்கலன்று வைத்த பல காய்க் குழம்பு, தினம் இருமுறை சுடவைத்ததில் மூன்றாம் நாளுக்குச் சுண்டி, காய் தெரியாமல் கறுத்துத் திரண்டிருக்கும். மொச்சை மட்டும் முழுசாக நிற்கும். முதல் நாள் இரவுச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்த பழையதுக்கு இதைவிட நல்ல ஜோடி கிடையாது. ஒன்று கவனியுங்கள்: சுண்ட வைப்பதெல்லாம் புளிக் குழம்புக்கு மட்டும். தேங்காய் அரைத்துவிட்டது மறுநாளே தாங்காது. சர்க்கரைப் பொங்கல் மீந்து இறுகிப்போயிருந்தால் தண்ணீர் சேர்க்காமல் கொஞ்சம் பால் விட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்குங்கள். அடிப்பிடிக்காது.

5. புது அரிசி. இதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

தை மாதம் டெல்டாவில் சம்பா அறுவடை. புறவழிச்சாலை ஓரமெல்லாம் வைக்கோலும் நெல்லும் காய்ந்துகொண்டிருக்கும். ஊருக்கு வந்தவர்கள் ஆசை ஆசையாகப் புது அரிசி வாங்கிப்போய், முதல் நாளே குக்கரில் வைத்து, களி கிண்டியதுபோல் ஆகிவிட்டது என்று போனில் புலம்புவார்கள். குற்றம் அரிசியில் இல்லை. புது அரிசி சீக்கிரம் குழையும், கொஞ்சம் தண்ணீர்தான் குடிக்கும். ஆறு மாதம், ஒரு வருஷம் ஆன பழைய அரிசி தண்ணீரை நிறையக் குடித்து, பருத்து, உதிரியாக நிற்கும். நம் வீட்டுப் பெரியவர்கள் நெல்லைக் குதிரில் போட்டு அடுத்த வருஷம் அரைத்துச் சாப்பிட்டது சும்மா இல்லை.

ஆகவே புது அரிசியைக் குக்கரில் வைக்காதீர்கள், வடியுங்கள். ஊறவைக்க வேண்டாம். கொதிக்கிற தண்ணீரில் போட்டு, நடுவில் இரண்டு முறை பருக்கையை நசுக்கிப் பார்த்து, உள்ளே ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி தெரியும்போதே வடித்துவிட்டால், மிச்சச் சூட்டில் அதுவே வெந்துவிடும். குக்கர்தான் வேண்டும் என்றால் வழக்கமாக ஊற்றுவதில் கால் பங்கு தண்ணீரைக் குறையுங்கள். பாதிக்குப் பாதி பழைய அரிசி கலப்பது இன்னொரு வழி. பொங்கலுக்கும், கஞ்சிக்கும், பல் இல்லாதவர்களுக்கும் புது அரிசியே மேல்.

எந்த அரிசி வாங்கலாம்? தினசரிச் சாப்பாட்டுக்குத் தூயமல்லி, கிச்சிலிச் சம்பா. பிரியாணிக்குச் சீரகச் சம்பா. மாப்பிள்ளை சம்பா சிவப்பரிசி. கஞ்சிக்கும் இட்லிக்கும் நன்றாக வரும். கறுப்புக் கவுனியை முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை விசில் விட்டாலும் மசியாது. இந்தப் பெயர்களெல்லாம் கடைப் பலகைகளில் மறுபடி தெரிகின்றன என்றால், அதில் பெரும் பங்கு திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, விதையைக் கையில் கொடுத்து, அடுத்த வருஷம் இரட்டிப்பாகத் திருப்பிக் கேட்ட நெல் ஜெயராமனுக்கு உண்டு. 2018-ல் மறைந்தார். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமோ 1922-லிருந்தே ரகம் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது, ஏ.டி.டி. என்று ஆரம்பிக்கிற பெயரெல்லாம் அங்கே பிறந்தவை. பாரம்பரிய அரிசி உசத்தி, ஆராய்ச்சி அரிசி மட்டம் என்று பேச எனக்கு விருப்பமில்லை. என் பிள்ளைகள் இரண்டாவதைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தார்கள்.

6. அரிசி வண்டு பிடிக்காமல் இருக்க: நிழலில் உலர்த்திய வேப்பிலை ஒரு கைப்பிடி, காம்போடு பத்து மிளகாய் வற்றல், இரண்டு துண்டு வசம்பு. எல்லாவற்றையும் மெல்லிய துணியில் முடிந்து டின்னின் நடுவில் புதையுங்கள். அரைத்த அரிசியை உச்சி வெயிலில் காயப்போடாதீர்கள். கீறல் விட்டு, சமைக்கும்போது நொய்யாகிவிடும். தவிடு போகாத அரிசி என்றால் இரண்டு மாதத் தேவைக்கு மேல் வாங்க வேண்டாம். தவிட்டில் உள்ள எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும்.

7. பொங்கப் பானையில் கட்டிய மஞ்சள் கொத்தைக் குப்பையில் போட மனசு வராது. கிழங்கைக் கிள்ளி எடுத்து, மிருதுவாகும்வரை வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் வெயிலில் காயவிட்டால் சமையலுக்கு ஆகும். அதற்குப் பொறுமையில்லாதவர்கள் ஒரு தொட்டியில் புதைத்துவிடுங்கள்.

8. மீந்த கரும்பைக் கணுவை நீக்கி, தோல் சீவி, துண்டு போட்டு டப்பாவில் ஊருக்கு எடுத்துப்போகலாம். பல்செட் வைத்திருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம். எங்கள் வீட்டில் ஒருவர் ஆசைப்பட்டார். தஞ்சாவூரில் ஞாயிற்றுக்கிழமையன்று பல் டாக்டரைத் தேடுவது எப்படி என்று தனிக் குறிப்பே எழுதலாம்.

9. வெண்கலப் பானையைப் பரணில் ஏற்றும் முன் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து உடனே கழுவிவிடுங்கள். புளியைப் பூசிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனால் திட்டுத் திட்டாகக் கறுக்கும். துடைத்து, ஒரு மணி நேரம் முற்றத்து வெயிலில் கவிழ்த்து, ஈரம் துளியும் இல்லாமல் பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள்.

வெண்கலமும் பித்தளையும் ஒன்றென்று நினைக்கிற மருமகள்களுக்காக: வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது, தட்டினால் மணிபோல் கணீரென்று நீண்டு ஒலிக்கும். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. அதில் உள்ளே ஈயம் பூசாமல் புளி சேர்ந்த எதையும் சமைக்கக் கூடாது.

ரசம் வைக்கும் ஈயச் சொம்பு இன்னும் மென்மையான ஜாதி. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். சொம்புக்குள் தண்ணீர் இருக்கிறவரை பயமில்லை. வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் போயிற்று. நாலு வருஷம் முன்பு, கிளம்புகிற அவசரத்தில் காலிச் சொம்பு இருந்த அடுப்பைப் பற்றவைத்துவிட்டு டம்ளர் எடுக்கத் திரும்பினேன். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் சொம்பின் அடி அப்படியே இறங்கி, பர்னர் மேல் வெள்ளிக் குளமாகப் பளபளத்துக்கொண்டிருக்கிறது. மாமியார் கொடுத்த சொம்பு. "ரசம் வேண்டாம், மோர் போதும்" என்றார் இவர். அவ்வளவுதான் சொன்னார். புதிதாக வாங்குபவர்கள் தெரிந்த பாத்திரக் கடையில் வாங்குங்கள். காரீயம் கலந்திருந்தால் உடம்புக்கு விஷம்.

10. மதியச் சமையல் கிடையாது. பத்து மணிக்குள் ராத்திரிக்கான கட்டுச்சோறு முடிந்து, அடுப்பைத் துடைத்துவிட வேண்டும். சுண்டின குழம்பின் கடைசித் திட்டில் சோற்றைப் போட்டு, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் புளியோதரைக்கு அண்ணன். தயிர்சாதத்துக்குச் சோற்றைக் குழைத்து, நிறையப் பால், ஒரே ஒரு ஸ்பூன் தயிர். ராத்திரி ரயிலில் பிரிக்கும்போது சரியாகத் தோய்ந்திருக்கும். வாழை இலையைத் தணலில் வாட்டிக் கட்டினால் மடிக்கும்போது கிழியாது.

11. பதினோரு மணிக்குத் திருவையாறு டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். கோயிலுக்கா, கச்சேரிக்கா என்று கேட்காதீர்கள். பஸ்ஸில் போவதற்காகவே போகிறோம். தஞ்சாவூரிலிருந்து 13 கிலோமீட்டர். அதற்குள் ஐந்து ஆறு. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. தை மாதம் ஐந்திலும் தண்ணீர் ஓடும். ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பதும், ஜனவரி 28-ல் மூடுவதும் வழக்கம். ஜூனில் அணையில் தண்ணீர் இல்லாத வருஷங்களும் உண்டு. அந்த வருஷம் குறுவை போயிற்று என்று அர்த்தம். சித்திரையில் வந்து மணலை மட்டும் பார்த்துப் போகிறவர்களுக்குக் காவிரி நாடு என்ற பேச்சே பொய்யாகத் தெரியும். பார்ப்பதென்றால் தையில் பாருங்கள்.

காரில் வந்தபோது பேரப்பிள்ளைகளிடம் "அஞ்சு ஆத்தையும் எண்ணுங்க" என்றேன். ஒருத்தி மூன்று என்றாள், ஒருவன் ஏழு என்றான். பஸ்ஸில் போனால்தான் பாலத்துக்குப் பாலம் குளிர்காற்று முகத்தில் அடித்து, கண்ணை மூடிக்கொண்டே எண்ணலாம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதனால் அவருக்கு மட்டும் ஒரு டிக்கெட். "உனக்கு ஓசி, எனக்குக் காசா?" என்று வருஷாவருஷம் கேட்பார். வெட்டாறு வருவதற்குள் தூங்கியும் விடுவார்.

12. திருவையாற்றில் இறங்கியதும் முதலில் படித்துறை. புஷ்ய மண்டபத் துறையில் மேல் படிகளிலேயே உட்காருங்கள். தண்ணீர் தொடுகிற படிகளில் பாசி. முழங்கால் தேய்ந்த வயதில் காவிரி ஸ்நானத்தை ஒரு சொம்புத் தண்ணீரில் முடித்துக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை.

அங்கிருந்து தியாகராஜர் சமாதி கிட்டத்தில்தான். 1847-ல் மறைந்தவர். புஷ்ய பகுள பஞ்சமியன்று ஆராதனை. சில வருஷம் அது பொங்கலை ஒட்டியே வரும். கிளம்பும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். அன்றைக்கு ஊருக்குள் நடக்க இடம் இருக்காது. மற்ற நாட்களில் காக்கை சத்தம்தான். அந்தச் சமாதிக் கோயிலைத் தன் சொந்தக் காசைப் போட்டுக் கட்டியவர் பெங்களூர் நாகரத்னம்மாள். பெண்கள் அங்கே பாடக் கூடாது என்றிருந்த காலம் அது. 1952-ல் மறைந்த பிறகு அவருக்கும் அங்கேயே, தியாகராஜரைப் பார்த்தபடி, ஒரு இடம் கிடைத்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் பலர் இந்த அம்மாளைக் கவனிக்காமலே போகிறார்கள். நான் அவருக்குத்தான் முதலில் பூ வைப்பேன்.

13. அசோகா அல்வா வாங்குவதென்றால் கடைசி நாளில் வாங்குங்கள். பாசிப்பருப்பும் கோதுமை மாவும் சர்க்கரையும் நெய்யுமாகச் செய்வது. நாலைந்து நாளுக்குமேல் வைக்க முடியாது. எடுத்துப்போகும் விதம் முக்கியம்: அட்டைப்பெட்டியை நம்பாமல், இறுக மூடுகிற எவர்சில்வர் டப்பா ஒன்றை வீட்டிலிருந்தே கொண்டுபோய், வாழை இலை விரித்து அதில் மாற்றிக்கொள்ளுங்கள்.

டப்பா கொண்டுபோகாத வருஷம் என் திருபுவனம் பட்டின் முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்கு நெய் இறங்கியது. அதற்கும் மருந்து உண்டு. தண்ணீர் காட்டாதீர்கள். கறையின் இரு பக்கமும் முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தாராளமாகத் தூவி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். மறுபடியும் தூவுங்கள். மூன்றாம் தடவையில் போய்விட்டது. சோப்புப் போட்டிருந்தால் சாயமும் கூடவே போயிருக்கும்.

14. வெற்றிலை. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. குறியீடு வந்தாலும் வராவிட்டாலும் இளசாகப் பொறுக்கித் தருகிற கடைக்காரர்தான் முக்கியம். கழுவாமல், ஈரத்துணியில் சுற்றி, அதன்மேல் வாழைப்பட்டையால் கட்டினால் ஒரு வாரம் வாடாது. குளிர்சாதனப் பெட்டியில் வெறுமனே வைத்தால் இரண்டு நாளில் கறுப்புப் புள்ளி.

15. பொம்மையும் ஓவியமும். தலையாட்டி பொம்மையை நிறுத்திவைத்து எடுத்துப்போகவே கூடாது. தலை, இடுப்பு, பாவாடை என்று தனித்தனியாகக் கழற்றி, ஒவ்வொன்றுக்குள்ளும் வைக்கோல் அடைத்துப் பெட்டியில் படுக்கவையுங்கள். வைக்கோலுக்கு இந்த மாதத்தில் பஞ்சமா? நெட்டியில் செய்த கோயில் பொம்மைகள் ஈரக்காற்று பட்டாலும், விரல் அழுத்தினாலும் போச்சு. கண்ணாடிப் பெட்டியோடுதான் வாங்க வேண்டும், மடியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். தஞ்சாவூர் ஓவியத்தை ஈரத்துணியால் துடைத்து நாசமாக்கியவர்களை எனக்குத் தெரியும். அது சுண்ணப் பூச்சின்மேல் ஒட்டிய தங்கத் தாள். உலர்ந்த பிரஷ் மட்டும். சமையலறைச் சுவரிலும், ஓதம் ஏறுகிற சுவரிலும் மாட்ட வேண்டாம்.

16. இரண்டு மணிக்கு வீடு திரும்பி, கூடத்தில் பாய் விரித்துப் படுங்கள். "போய்ச் சேர்ந்துட்டோம்" என்று பிள்ளைகள் காலையிலேயே பேசியிருப்பார்கள். போனை அலமாரியில் வைத்துவிடலாம்.

சத்தமாக இருந்த வீடு ஒரே நாளில் அடங்கிப்போவது முதலில் காதை அடைப்பதுபோல் இருக்கும். எழுந்ததும் ஒரு துணிப்பையோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். விட்டுப்போன பொருளெல்லாம் அந்தப் பைக்குள். ஊஞ்சலுக்கு அடியில், திண்ணை இடுக்கில், கிணற்று மேடையில், தலையணை உறைக்குள் பார்க்க வேண்டும். இந்த வருஷம் கிடைத்தவை: ஒற்றைக் காலுறை இரண்டு (ஜோடி அல்ல), ஒரு சார்ஜர், நீல மெழுகுப் பென்சில், பாதி கடித்த கரும்புத் துண்டு, ஒரு கொலுசுத் திருகாணி. பித்தளைத் தாயக்கட்டையில் ஒன்றுதான் இருந்தது, இன்னொன்றைக் காணோம்.

அந்த ஒற்றைக் கட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே, "ஒரு ஆட்டம் போடலாமா?" என்றார் இவர். கட்டை இல்லாவிட்டால் என்ன? ஆறு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் திண்ணையில் வெள்ளை தெரிய உரசி எடுத்தால் தாயம் ஆடலாம். கட்டத்தைச் சாக்பீஸால் போட்டோம். முதல் தாயம் விழ எனக்கு இருபது நிமிஷம் ஆனது. அவர் என் காயை இரண்டு தடவை வெட்டினார், இரண்டாவது தடவை வேண்டுமென்றேதான். நாலரை மணி ஆனது தெரியவில்லை.

17. மாலையில் பெரிய கோயில். ஐந்து மணிக்குப் போங்கள். வெயில் காலமென்றால் இன்னும் தாமதித்து, கருங்கல் தரை ஆறிய பிறகு. மாட்டுப் பொங்கலன்று நந்திக்குக் காய்கனி அலங்காரம் என்று பேரப்பிள்ளைகளோடு போய், நாங்கள் பார்த்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் செல்போன்கள்தான். இரண்டு நாள் கழித்து நந்தியும் கூட்டம் இல்லாமல் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

சந்நிதியில் கும்பிட்டுவிட்டு, விமானத்துக்கு வடகிழக்கே பிராகாரத்தில் உட்காருங்கள். 1010-ல் ராஜராஜன் கட்டி முடித்தது, 216 அடி. அதன் நிழல் கீழே விழாது என்று என் மாமனார் சொன்னார், அவருடைய அப்பா சொன்னாராம். பேரன் இந்த வருஷம் விமானத்தையும் தரையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அப்போ நாம எதுல உக்காந்திருக்கோம் பாட்டி?" என்றான். நிழலில்தான். தை மாதத்து மாலை வெயிலுக்கு அது நீண்டு விழுகிறது. வயதானவர்களுக்கு அங்கே கிடைக்கிற மிக வசதியான இடமும் அதுதான்.

18. வீட்டை மூடுவது. நினைவை நம்பாதீர்கள். ஒரு அட்டையில் எழுதிக் கதவுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். ஒருவர் படிக்க, ஒருவர் செய்ய வேண்டும். எங்கள் அட்டையில் உள்ளது இது:

கேஸ் ரெகுலேட்டரைக் கழற்று. ஃப்ரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவு மூடாதபடி ஒரு துண்டைச் செருகு. உள்ளே ஒரு கிண்ணத்தில் அடுப்புக்கரி. மேல் தொட்டித் தண்ணீரை வடி. குளியலறை, முற்றத்து ஜலதாரைகளில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அதன்மேல் இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் விடு (தண்ணீர் சீக்கிரம் வற்றாது; கரப்பானும் நாற்றமும் மேலே வராது). ஓட்டைகளைத் துணியும் கல்லும் வைத்து அடை. மெயினை அணை. மறு சாவி எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம்.

அரிசிப் பானையை மட்டும் வழித்துத் துடைக்க மாட்டோம். ஒரு பிடி போட்டு மூடிவைப்போம். வண்டு வரும் என்று மகள் சொல்வாள்; வரட்டும். பெருக்குவதை விளக்கேற்றும் முன்பே முடித்துவிடுங்கள். ஆள் கிளம்பிய பிறகு வீடு கூட்டக் கூடாது என்பார்கள். எங்கள் விஷயத்தில் கூட்ட ஆளும் இல்லை. விளக்கு தானாக மலையேறும்வரை காத்திருக்க நேரமில்லாவிட்டால் பூவால் குளிரவையுங்கள். எரிகிற விளக்கை விட்டுவிட்டுப் பூட்ட வேண்டாம்.

19. ராத்திரி மாத்திரை கைப்பையில் அல்ல, அவர் சட்டைப் பையில். கைப்பை எப்போதும் பெட்டிக்கு அடியில்தான் போய்ச் சேரும்.

20. சென்னைக்குப் போகிற உழவன் எக்ஸ்பிரஸுக்கு அரை மணி முன்னதாகவே ஸ்டேஷனில் இருங்கள். பெட்டி எங்கே நிற்கும் என்று பலகையைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டால் கடைசி நேர ஓட்டம் இல்லை. நடுப் படுக்கையை இரவு 10 மணிக்குமேல்தான் தூக்கி மாட்ட வேண்டும் என்பது விதி. அதற்குள் கட்டுச்சோற்றைப் பிரித்துவிடுங்கள். பிறகு நிமிர்ந்து உட்கார முடியாது.

இந்த வருஷம் இலையை மடித்துக்கொண்டிருக்கும்போது பேத்தி போன் செய்தாள். தாயக்கட்டை அவளுடைய பென்சில் டப்பாவுக்குள் இருந்ததாம். கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டாள். "அதெல்லாம் வேண்டாம், அடுத்த பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கிட்டு வா" என்றார் தாத்தா. போனை வைத்துவிட்டு, "மெயினை அணைச்சேன்ல?" என்று என்னைக் கேட்டார்.